வக்கீல் சொன்ன சரி

தங்கை எதற்கும் சரி என்று சொல்லமாட்டாள். தேநீர் சூடாக இருந்தால் நாக்கு வெந்துபோச்சு என்பாள். ஆறியிருந்தால், இதுக்கு வெறும் தண்ணியையே குடுத்திருக்கலாமே என்பாள். மழை வரும்போலிருக்கிறது என்று யாராவது சொன்னால், வந்தா பார்த்துக்கலாம், இப்பவே என்ன அவசரம் என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள். அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். வைத்தவர் துவைக்கும் மெஷின்களைப் பார்த்துக்கொள்பவர். “இவங்ககிட்ட மணி என்னன்னு கேட்டாக்கூட, எதுக்குக் கேக்கறீங்க, எப்பலேர்ந்து தெரியணும்னு தோணுதுன்னு குறுக்கு விசாரணை பண்ணுவாங்க” என்று அவர் ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அக்காள் முப்பத்தொரு வருடங்களாகக் கவனித்துவந்தது வேறொன்றை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது மட்டும் தங்கை சரி என்று சொல்லுவாள். மெல்ல, பணிவாக, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்லும் பிள்ளையைப் போல, “சரிக்கா” என்பாள். சிறுமியாக இருந்தபோது அவளுக்கும் மற்றவர்களைப் போல வேர்த்தது, கை நடுங்கியது, பசித்தது. வருடம் போகப்போக அந்த அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயின. உடம்பு எச்சரித்து எச்சரித்து அலுத்துப்போய் நிறுத்திக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். கடைசியில் இந்தச் சரி ஒன்றுதான் மிஞ்சியது. அதைக் கேட்டுப் பத்து நிமிடத்துக்குள் வாயில் சர்க்கரை போகவேண்டும். போகாவிட்டால் கண் சொருகும், கால் மடங்கும். தெளிந்த பிறகு, இடையில் நடந்தது எதுவும் அவளுக்கு நினைவிருக்காது.

அதனால் அக்காளின் மேலங்கிப் பையில் எப்போதும் சர்க்கரைப் பொட்டலம் இருக்கும். தங்கை சண்டை போட்டுக்கொண்டிருக்கும்வரை அக்காளுக்கு நிம்மதி.

சலவைக்கூடத்தில் இருவரும் ரோலர் மெஷினில் நின்றார்கள். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைகளுக்குள் கொடுக்கும் மெஷின் அது. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, இழுத்து நேராக்கி, ஒரே நேரத்தில் விடவேண்டும். நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடிதான் வேலை.

“உன் பக்கம் கோணுது.”

“என் பக்கம் நேராத்தான் இருக்கு.”

“அப்ப மெஷின் கோணலா இருக்குன்னு சொல்லு, எழுதிக் குடுத்துடலாம்.”

இப்படியே ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு போகும். ஒரு விரிப்பு உண்மையிலேயே கோணி, தங்கை வாயைத் திறக்காமல் இருந்தால் அக்காள் விடமாட்டாள். வேண்டுமென்றே, “நீதான் தப்பா புடிச்சே” என்று சீண்டிப்பார்ப்பாள். “எவ சொன்னது?” என்று வந்தால் அடுத்த விரிப்பு. “சரிக்கா” என்று வந்தால் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு ஓடுவாள்.

தங்கைக்கு இந்த நோய் வந்தபோது வயது ஏழு. அக்காளுக்குப் பன்னிரண்டு. ஊசி போடும் பிள்ளையைத் தனியாக வைத்துக்கொள்ளப் பள்ளிக்கூடம் பயந்தது. கூட யாராவது இருந்தால் அனுப்புங்கள் என்றார்கள். அம்மா வேலைக்குப் போகவேண்டும். ஆகவே ஏழாம் வகுப்பில் உட்காரவேண்டிய அக்காள் இரண்டாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முட்டி மேசையில் இடிக்கும். சின்னப் பிள்ளைகள் அவளை டீச்சரின் உதவியாள் என்று நினைத்துக்கொண்டு மூக்கைத் துடைத்துவிடச் சொல்லி வந்து நிற்பார்கள். இரண்டு வருடம் அப்படி. பிறகு தங்கைக்குத் தானே ஊசி போட்டுக்கொள்ளத் தெரிந்துவிட்டது, ஆனால் அக்காள் தன் வகுப்புக்குத் திரும்பவில்லை. படிப்பு அவளுக்கு அதோடு போயிற்று. பெருக்கலும், எழுதப்படிக்கவும், ஒரு முகத்தை விடாமல் பார்க்கவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவளிடம் நோட்டுகள் இருந்தன. சர்க்கரை பார்க்கும் ஒவ்வொரு முறையும் தேதி, மணி, எண். முதல் நாளிலிருந்து ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. அம்மா இறந்த அன்றும் நான்கு எண்கள் எழுதியிருந்தாள். மெஷின்காரர் ஒருமுறை தயங்கித் தயங்கி அவளைக் கல்யாணத்துக்குக் கேட்டார். “என் ஷிப்ட் இன்னும் முடியலீங்க” என்றாள். அவருக்குப் புரிந்தது. அதற்குப் பிறகும் அவர் அவளுடைய ரோலரை மட்டும் வாரம் இருமுறை துடைத்துக் கொடுத்தார்.

கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தானே பார்த்துச் சத்தம் போடும் கருவியும் வந்தது. இரண்டு முறை வாங்கினார்கள். ஒட்டுப் பசைக்குத் தங்கையின் தோல் கொப்பளித்துச் சீழ் வைத்தது. போதாததற்கு ரோலரின் இரைச்சலில் அதன் சத்தம் கேட்கவேயில்லை. மூன்றாவது வேண்டாம் என்று தங்கை தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

அந்த வருடம்தான் அது நடந்தது. தங்கை ஒரு முனையைப் பிடித்திருந்தாள். விடவேண்டிய இடத்தில் விடவில்லை. விரிப்போடு அவள் கையும் உருளையை நோக்கிப் போயிற்று. அக்காள் பொத்தானை அழுத்தும்போது முன்கை சூட்டில் பட்டிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் வழண்டுபோயிற்று. தங்கை கத்தவில்லை. வெந்த கையைப் பார்த்துக்கொண்டே “சரிக்கா, சரிக்கா” என்றாள்.

அதைவிட அக்காளைக் குலைத்தது வேறு. தங்கை முனையை விடாமல் நின்றதை அவள் பிந்தித்தான் பார்த்தாள். விரிப்பின் அந்த முனையில் இருந்த முகம் சில மாதங்களாகவே கலங்கித் தெரிந்தது. கண் டாக்டரிடம் தனியாகப் போனாள். வலது கண்ணின் நடுவில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இடது கண்ணிலும் தொடங்கியிருக்கிறது, வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்தமுடியாது என்றார் அவர். அக்காள் வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. தங்கையின் காவல் அவள் கண்ணில் இருந்தது. அந்தக் கண் போனால் தங்கைக்கு என்ன ஆகும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

இந்த நிலைமையில்தான் சர்க்கரை டாக்டர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். நடுத்தர வயதுப் பெண்மணி. பொறுமைசாலி. தங்கையை அவர் பத்து வருடமாகச் சமாளித்துவந்தார் என்பதே அதற்குச் சாட்சி.

“கணையத்துல சின்னச்சின்னத் திட்டா சில செல்லுங்க இருக்கும். அதுதான் இன்சுலின் சுரக்கும். உங்க உடம்போட காவல்படையே அதை எதிரின்னு நெனச்சு அழிச்சிடுச்சு. இறந்துபோன ஒருத்தர் தானம் பண்ண கணையத்துலேர்ந்து அந்தத் திட்டுங்களை எடுத்து உங்களுக்கு வைக்கலாம்.”

“அதையும் அந்தப் படை அழிச்சிடும்ல?” என்றாள் தங்கை.

“அழிச்சிடும். அதனால இதுவரைக்கும் படையை அடக்கி வைக்கிற மாத்திரையை ஆயுசுக்கும் சாப்பிடணும்.”

“மஞ்சப் பை சாப்பிட்டாளே.”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். மஞ்சள் பையோடு வரும் பெண் ஒருத்தி அதே ஆஸ்பத்திரி வரிசையில் தங்கைக்குத் தோழியாக இருந்தாள். அவளுக்குக் கணையத்தையே மாற்றி வைத்தார்கள். ஒரு வருடம் ஊசியில்லாமல் இருந்தாள். உடம்பின் காவலை அடக்கும் மாத்திரை மற்ற கிருமிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. சாதாரணச் சளி நெஞ்சில் இறங்கி எட்டு நாளில் போய்விட்டாள்.

“இதுல அந்த மாத்திரை கிடையாது” என்றார் டாக்டர். “அதான் ஆராய்ச்சியே. கடல்பாசியிலேர்ந்து எடுக்கற ஒரு கூழ் இருக்கு. அதுல அந்தச் செல்லுங்களைப் பொதிஞ்சு கடுகளவு உருண்டையா பண்ணிடுவாங்க. உருண்டையோட உறையில கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க. சர்க்கரை உள்ள போகும், பிராணவாயு போகும், இன்சுலின் வெளிய வரும். காவல்படை செல்லுங்க பெருசு, அதால உள்ள நுழைய முடியாது.”

“வலைப்பை மாதிரி” என்றாள் அக்காள். அவள் டாக்டர் அறையில் தானாகப் பேசியது அதுதான் முதல்முறை. சலவைக்கூடத்தில் மெல்லிய சின்னத் துணிகளைத் தனியாக ஒரு வலைப்பையில் போட்டுத்தான் மெஷினில் தள்ளுவார்கள். தண்ணீர் போகும், சோப்பு போகும், அழுக்கு வெளியே வரும். மற்றத் துணிகளின் கொக்கிகள் கிழிக்கமுடியாது.

“அதேதான்” என்றார் டாக்டர். அக்காளின் முகம் சிவந்துபோயிற்று.

தங்கை விடவில்லை. “செத்தவர் யாரு?”

“சொல்லமாட்டோம்.”

“அவருக்குத் தெரியுமா, என்கிட்ட வரப்போறார்னு? பாவம்.”

“இது சோதனைதான். பலன் கிடைக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். எட்டு பேரை எடுக்கறோம், ஏழு பேர் சேர்ந்தாச்சு. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.”

வெளியே வந்ததும் தங்கை சொன்னாள். “வேண்டாம். என் வயிறு என்ன வாடகை வீடா? ஆயிரக்கணக்குல குடிவைக்கிறதுக்கு?”

அந்த வாரம் முழுக்க அக்காள் கெஞ்சினாள். அவள் கெஞ்சக் கெஞ்சத் தங்கையின் வேண்டாம் இறுகிக்கொண்டே போயிற்று. ஆனாலும் தங்கை நியாயக்காரி. முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் மறுக்கவேண்டும் என்று சலவைச் சீட்டின் பின்புறம் பதினேழு கேள்விகள் எழுதினாள். உறை கிழிந்தால் என்ன ஆகும், திரும்ப எடுக்கமுடியுமா, கடல்பாசி கெட்டுப்போகாதா, இப்படி. வெள்ளிக்கிழமை காலையில் ஊசி போட்டுக்கொண்டு இருவரும் போனார்கள். டாக்டருக்கு அவசர வேலை வந்துவிட்டது. வரிசை நகரவில்லை. காலைச் சாப்பாட்டு வேளை தள்ளிப்போயிற்று. தங்கை ஒரு பிஸ்கட்டுக்குமேல் தொடவில்லை. எழுந்து போனால் முறை போய்விடும் என்றாள்.

உள்ளே போனபோது அவள் முதல் கேள்வியைக் கேட்டாள். இரண்டாவதில் டாக்டரை மடக்கினாள். மூன்றாவதைக் கேட்டுவிட்டுப் பதிலைக் கவனிக்காமல் ஜன்னலைப் பார்த்தாள். டாக்டரை யாரோ கூப்பிட்டார்கள். “நர்ஸ் படிவத்தைப் படிச்சுக் காட்டுவாங்க. யோசிச்சு முடிவு பண்ணுங்க, கட்டாயம் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நர்ஸ் பக்கம் பக்கமாகப் படித்தார். தங்கையின் கையில் சலவைச் சீட்டு அப்படியே இருந்தது.

“இது புரியுதுங்களா?”

“சரிங்க.”

“இதுல சம்மதமா?”

“சரிங்க.”

அக்காளின் கை மேலங்கிப் பைக்குள் போயிற்று. பொட்டலம் விரலில் பட்டது. முப்பத்தொரு வருடத்தில் அந்தக் கை அந்த இடத்தில் நின்றதேயில்லை. அன்று நின்றது.

“சுகர் இப்ப எவ்வளவு இருக்கு? எழுதணும்” என்றார் நர்ஸ், அக்காளைப் பார்த்து. அந்த ஆஸ்பத்திரியில் அக்காளின் நோட்டுக்குச் சுகர் பார்க்கும் மெஷினைவிட மதிப்பு. டாக்டரே, மெஷின் ஒன்று சொல்லி நோட்டு வேறு சொன்னால் மெஷினை மாற்றச் சொல்லுவார்.

“இப்பதான் பார்த்தோம். நூத்திப் பத்து” என்றாள் அக்காள்.

நர்ஸ் நூற்றுப்பத்து என்று எழுதினார். நேரம் என்ற கட்டத்தில் 11.25 என்று எழுதினார். நர்ஸ் காட்டிய இடத்திலெல்லாம் தங்கை கையெழுத்துப் போட்டாள். நான்கு கையெழுத்து. கடைசி ஒன்று கோட்டுக்குக் கீழே சரிந்தது. சாட்சி என்ற இடத்தில் அக்காள் போட்டாள்.

நடைபாதையில் சுவரோரம் உட்காரவைத்துச் சர்க்கரையை வாயில் கொட்டினாள். பழச்சாறு கொடுத்தாள். விரலில் குத்திப் பார்த்தாள். நாற்பத்தெட்டு. உடனே பையிலிருந்து நோட்டை எடுத்து 11.40, 48 என்று எழுதினாள். ஏன் எழுதினாள் என்று பிறகு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டாள். பொய் சொன்ன வாய் அவளுடையதுதான். கை மட்டும் பழைய கையாகவே இருந்தது.

கால் மணி நேரம் கழித்துத் தங்கைக்குக் கண் தெளிந்தது.

“என்ன ஆச்சு? முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“வேண்டாம்னு சொல்லிட்டேனா?”

“நீ சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்ட.”

தங்கை படிவத்தின் நகலை வாங்கிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “நானா? அப்ப ஏதோ நல்ல பதிலாத்தான் சொல்லியிருக்காங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பின்வாங்கவில்லை. போட்ட கையெழுத்தை மறுப்பது அவள் பழக்கத்தில் இல்லை. உருண்டைகளை வைக்கும் நாளன்று டாக்டர் மறுபடியும், இப்பவும் சம்மதமா, இப்பக்கூட வேண்டாம்னு சொல்லலாம் என்று கேட்டார். “கையெழுத்துப் போட்டாச்சுல்ல, அப்புறம் என்ன விளையாட்டா?” என்று தங்கை சிடுசிடுத்தாள். அன்று சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. அக்காள் அந்தச் சிடுசிடுப்பைப் பற்றிக்கொண்டு, அவளுக்கே சம்மதம்தான், அவளுக்கே சம்மதம்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். வயிற்றில் சின்னத் துளை போட்டு அந்த உருண்டைகளை உள்ளே விட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஐந்து மாதங்கள். ஊசி நான்கிலிருந்து இரண்டாகி, ஒன்றாகி, ஏழு வாரம் ஒன்றும் இல்லாமலே போயிற்று. சர்க்கரை ஒருமுறைகூட அவளை விழவைக்கும் அளவுக்கு இறங்கவில்லை. ஒருநாள் ரோலரில் நிற்கும்போது தங்கை, “அக்கா, எனக்கு வேர்க்குது, கை நடுங்குது” என்றாள். பார்த்தால் எழுபது. இருபது வருடமாக வாய் மூடியிருந்த உடம்பு மறுபடி பேசியது. அக்காள் அன்று கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அந்த மாதங்களில் அக்காளுக்குத் தன் கண்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பழக்கத்தில் தங்கையின் முகத்தையே பார்ப்பாள்.

“என்ன, என் மூஞ்சில படமா ஓடுது? வேற எங்கயாவது பாரேன்” என்பாள் தங்கை.

“வேற எங்க பாக்கறது?”

“மெஷின்காரரைப் பாரு. பாவம், அவரு பதினாலு வருஷமா ரோலரைத் துடைச்சுக்கிட்டிருக்காரு.”

ஆறாம் மாதம் காலைச் சர்க்கரை நூற்றெண்பது வந்தது. எதையாவது தின்றிருப்பாள் என்று அக்காள் தேற்றிக்கொண்டாள். அடுத்த வாரம் இருநூற்றுப் பத்து. ஒரு ஊசி திரும்பியது, பிறகு இரண்டு. வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். மறுபடி சின்னத் துளை போட்டுச் சில உருண்டைகளை வெளியே எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் படத்தைத் திருப்பிக் காட்டினார். கண்ணாடிபோல் இருந்திருக்கவேண்டிய உருண்டைகளின் மேல் வெள்ளையாக ஏதோ படர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன.

அவர் வாயைத் திறக்கும் முன்பே அக்காளுக்குத் தெரிந்துவிட்டது. வலைப்பையை எடுத்து உதறாமல் திரும்பத்திரும்ப மெஷினில் போட்டால் அதன் கண்களிலெல்லாம் பஞ்சு அடைத்துக்கொள்ளும். பை கிழியாது. உள்ளே ஒரு கொக்கியும் போகாது. ஆனால் தண்ணீரும் போகாது.

“பஞ்சு அடைச்சிருச்சு” என்றாள்.

“ஆமா” என்றார் டாக்டர். “படையால உள்ள போகமுடியல. அதனால வெளியிலேயே சுத்திச் சுவரைக் கட்டிடுச்சு. உள்ள இருக்கற செல்லுங்க மூச்சு முட்டிச் செத்துக்கிட்டிருக்கு. கொஞ்சம் இன்னும் உயிரோட இருக்கு. எவ்வளவு நாளைக்குன்னு தெரியல.”

தங்கை படத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துப் பார்த்தாள். “நான்தான் அன்னிக்கே சொன்னேனே, குடிவைக்காதீங்கன்னு” என்றாள்.

இரண்டு மாதத்தில் ஊசி பழையபடி நான்காயிற்று. வேர்ப்பதும் நடுங்குவதும் நின்றுபோயின. ஒரு மத்தியானம் விரிப்பு கோணியது. “நீதான் தப்பா புடிச்சே” என்றாள் அக்காள். எதிர்முனையிலிருந்து “சரிக்கா” என்று வந்தது. அக்காள் பொத்தானை அழுத்திவிட்டு ஓடினாள். இத்தனைக்கும் பிறகு தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டார்கள். நடுவில் அவள் கண் மட்டும் இன்னும் கொஞ்சம் போயிருந்தது.

அந்தச் சமயத்தில் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். புது உறை ஒன்று செய்திருக்கிறார்கள், பரிசோதனையில் அதன்மேல் எதுவும் ஒட்டவில்லை, மனித உடம்பில் எப்படியிருக்கும் என்று தெரியாது, விருப்பமிருந்தால் இரண்டாம் முறை வைக்கலாம் என்றார். புதுப் படிவத்தைக் கொடுத்து அனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை சாப்பாட்டு மேசையில் எல்லாக் காகிதங்களையும் பரப்பி உட்கார்ந்தாள். முதல்முறை அவர்கள் என்ன பதில் சொன்னார்கள், தான் ஏன் சம்மதித்தோம் என்று தெரிந்தால்தான் இரண்டாவதைப்பற்றி யோசிக்கமுடியும் என்றாள். பழைய படிவத்தின் நகல் ஒரு பக்கம், சலவைச் சீட்டு ஒரு பக்கம், அந்த மாதத்து நோட்டு ஒரு பக்கம். அக்காள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இங்க வா.”

வந்தாள்.

“பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு நூத்திப் பத்துன்னு படிவத்துல இருக்கு. அந்த நூத்திப் பத்து உன் நோட்டுல இல்ல.”

அக்காள் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பதினொண்ணு நாப்பதுக்கு நாப்பத்தெட்டுன்னு உன் நோட்டுல இருக்கு. பதினஞ்சு நிமிஷத்துல அவ்வளவு எப்படி எறங்கும்? எனக்கு எறங்கினதே இல்ல. நீயே எழுதி வெச்சிருக்க, முப்பது வருஷத்துக் கணக்கு.”

தங்கை சலவைச் சீட்டைத் தூக்கிக் காட்டினாள்.

“இந்தப் பதினேழுல நான் எத்தனை கேட்டேன்?”

“மூணு.”

“அப்புறம்?”

“அப்புறம் நீ சரின்னு சொன்ன.”

தங்கை நாற்காலியில் சாய்ந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

“பொட்டலம் கையில இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“கேட்டும் குடுக்கல.”

“குடுக்கல.”

“ஏன்?”

அக்காள் தரையைப் பார்த்துச் சொன்னாள். “எனக்குக் கண்ணு போயிக்கிட்டிருக்குடி. விரிப்புக்கு அந்தப் பக்கம் உன் மூஞ்சி தெரியறதில்ல. கை வெந்துச்சே, அன்னிக்கே நான் பார்க்கல. சத்தத்தை வெச்சுத்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன். நாளைக்கு நீ சரின்னுகூடச் சொல்லாம விழுந்தீன்னா? எனக்கு வேற வழி தெரியல.”

“வேற வழி தெரியல” என்று தங்கை திருப்பிச் சொன்னாள். குரலில் சண்டையே இல்லை. அக்காளின் கை தானாகப் பைக்குள் போயிற்று.

“சுகரெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பையிலேர்ந்து கையை எடு” என்றாள் தங்கை. “நான் சரின்னு சொன்னா அது நான் இல்லன்னு உலகத்துலேயே உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். டாக்டருக்குத் தெரியாது, நர்ஸுக்குத் தெரியாது. அவங்க ஏமாந்தா தப்பில்ல. உனக்குத் தெரிஞ்சும், அந்த இன்னொருத்தியைக் கூப்பிட்டு என் பேர்ல கையெழுத்து வாங்கியிருக்க.”

“தப்புதான்.”

“ஒரு வேளை அந்த உருண்டைங்க நல்லா வேலை செஞ்சிருந்தா, இதைச் சொல்லியே இருக்கமாட்ட.”

அக்காள் யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்கு இன்னொருமுறை மனம் வரவில்லை. “சொல்லியிருக்கமாட்டேன்” என்றாள்.

மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வாழ்க்கையில் அவள் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். “நாங்க குத்திப் பார்த்திருக்கணும். உங்க நோட்டை நம்பிட்டோம்” என்றார். அவர் மேலே எழுதித் தெரிவிக்கவேண்டியிருந்தது. ஒரு குழு கூடி விசாரித்தது. அதற்குப் பிறகு அந்த ஆராய்ச்சியில் யார் கையெழுத்துப் போடுவதற்கு முன்னும் நர்ஸ் தன் கையால் குத்திச் சர்க்கரை பார்க்கிறார். தங்கையைக் குழுவினர் தனியாக உட்காரவைத்துப் பேசினார்கள். அவளுக்கு விருப்பமானால் இரண்டாம் முறைக்குத் தடையில்லை என்றார்கள். அக்காள் அந்த அறைக்குள் வரக்கூடாது, சாட்சியும் போடக்கூடாது.

தங்கை சூப்பர்வைசரிடம் கேட்டு மடிக்கும் மேசைக்கு மாறிக்கொண்டாள். அங்கே சூடு இல்லை, உருளை இல்லை. முதுகு ரோலரைப் பார்த்தபடி இருக்கும். கையில் ஒட்டும் கருவியில் வேறு பசையுள்ள ஒன்று வந்திருக்கிறது என்று தெரிந்து, தானே போய் வாங்கி ஒட்டிக்கொண்டாள். இதற்கும் தோல் சிவக்கிறது. பத்து நாள் ஒட்டவேண்டியது ஆறு நாளில் உரிந்துவிடுகிறது. மற்ற நான்கு நாளைக்கு மெஷின்காரரின் தங்கை மகள், பக்கத்து மேசையில் மடிப்பவள், மணிக்கொருமுறை வேண்டுமென்றே ஒரு வம்பு இழுத்துப் பார்க்கிறாள். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது தங்கைதான்.

ரோலரில் அக்காளுக்கு எதிரே இப்போது புதிதாக வந்த ஒரு பெண் நிற்கிறாள். நல்ல பெண். எதைச் சொன்னாலும் “சரிக்கா, சரிக்கா” என்பாள். ஒவ்வொரு முறையும் அக்காளின் கை பைக்குள் போய்த் திரும்புகிறது.

வீட்டில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், தேவையானதை மட்டும். தேநீர் சூடாக இருக்கிறதா ஆறியிருக்கிறதா என்று தங்கை சொல்வதில்லை. சர்க்கரை எண்களை அவளே ஒரு புது நோட்டில் எழுதுகிறாள். அதை அக்காளுக்குக் காட்டுவதில்லை.

தங்கையின் வயிற்றில் அந்த உருண்டைகள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் செத்துவிட்டன. ஊசி நாளைக்கு நான்கு. சென்ற மாதம் இரண்டு முறை விழுந்தாள். அக்காளின் வலது கண்ணில் நடுப்பகுதி முழுக்கப் போய்விட்டது. இடது கண் இன்னும் எழுத்தைப் படிக்கிறது, ரோலரின் அந்தப் பக்கத்து முகத்தைப் படிப்பதில்லை. புதுப் படிவம் சமையலறை அலமாரியில் இருக்கிறது. மிச்சமிருந்த பதினான்கு கேள்விகளையும் தங்கை டாக்டருக்கு எழுதி அனுப்பினாள். ஒன்பதுக்குப் பதில் வந்திருக்கிறது. படிவத்தில் இன்னும் கையெழுத்து இல்லை.